பாக்கஸின் பரிவாரம்: புதுச்செவ்வியல் சிற்பத்தில் களியாட்டமும் புலனின்பமும்

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகள் வரை கோலோச்சிய கலைப்போக்கு புதுச்செவ்வியல் எனப்படுகிறது. பண்டைய கிரேக்க, உரோமானியக் கலையையே செவ்வியல் என்று கொண்டு, அதன் இலக்கணத்துக்குக் கலைஞர்கள் மீண்டும் திரும்ப வேண்டும் என்று வற்புறுத்தியதால் அதற்கு அந்தப் பெயர் அமைந்தது. அளவு பிசகாத அங்கங்கள், உணர்ச்சியை வெளிக்காட்டாத முகம், மாசற்ற வெண்பளிங்கு ஆகியவையே இந்தப் போக்கின் அடையாளங்களாகச் சொல்லப்பட்டு வந்ததால், அது அறிவுக்கு மட்டும் விருந்தளிக்கும் குளிர்ந்த கலை என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது. ஆனால் அதே காலத்துச் சிற்பக்கூடங்களில்தான் மது மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் வனதேவர்களும், திராட்சைக் கொடி சூடி ஆடும் பெண்களும், தழுவலில் தம்மை மறந்த காதலர்களும் களிமண்ணிலும் பளிங்கிலும் உருப்பெற்றார்கள். கட்டுப்பாட்டையே நெறியாகக் கொண்ட ஒரு கலை, கட்டுப்பாட்டை மறப்பதைப் பற்றிய புராணங்களைக் கையில் எடுத்தபோதுதான் தன் முழு ஆற்றலையும் காட்டியது என்பதை அந்தச் சிற்பங்களே எடுத்துரைக்கின்றன.

மது தெய்வமும் அதன் கூட்டமும்

இந்தச் சிற்பங்களின் நடுநாயகமாக விளங்குபவர் கிரேக்கர்கள் டயோனிசஸ் என்றும் உரோமானியர்கள் பாக்கஸ் என்றும் வழிபட்ட மது தெய்வம். விண்ணின் அரசனான சூஸுக்கும் மானிடப் பெண்ணான செமிலிக்கும் பிறந்தவராகப் புராணங்கள் கூறும் இவர், திராட்சைக்கும் மதுவுக்கும் மட்டுமன்றி, மனிதர் தன்னிலை மறக்கும் எல்லாப் பரவச நிலைகளுக்கும் அதிபதியாகக் கருதப்பட்டார். இவருடன் எப்போதும் ஒரு பரிவாரம் செல்லும். ஆட்டின் காலோ குதிரையின் வாலோ கொண்ட, பாதி மனித வடிவான சாட்டிர்கள், அவர்களை ஒத்த உரோமானிய வனதேவர்களான ஃபான்கள், தொந்தி பெருத்த கிழவர் சைலீனஸ், நீர்நிலைகளிலும் மரங்களிலும் மலைகளிலும் உறையும் இளந்தேவதைகளான நிம்ஃப்கள், பரவசத்தில் தலைமுடி அவிழ ஆடும் மேனாடுகள் ஆகியோர் அந்தப் பரிவாரத்தினர். மேனாடுகளை உரோமானிய மரபு பாக்கஸின் பெயரால் பாக்கான்ட் என்று அழைத்தது. பெருஞ்சீரகத் தண்டின் உச்சியில் பைன் காயைப் பொருத்தி ஐவிக் கொடி சுற்றிய தைர்சஸ் என்னும் கோல், கைத்தாளம், தோலிசைக் கருவி, சிறுத்தை, திராட்சைக் குலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சிற்பத்தில் தென்பட்டாலே அது பாக்கஸின் உலகத்தைச் சேர்ந்தது என்று அக்காலத்துக் கற்றோர் அறிந்துகொள்வர்.

இந்தப் புராணத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. கி.மு. 405இல் ஏதென்ஸில் அரங்கேறிய யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகத்தில், தெய்வத்தை மதிக்காத பெந்தியஸ் மன்னனைப் பரவசத்தில் இருந்த அவனுடைய தாயே மற்றப் பெண்களுடன் சேர்ந்து கிழித்துக் கொல்கிறாள். கி.மு. 186இல் உரோமானிய ஆட்சி மன்றம் பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களைக் கடுமையாக ஒடுக்கியது. அந்த ஆணையைத் தாங்கிய வெண்கலத் தகடு இன்றும் வியன்னாவில் இருக்கிறது. இன்பமும் அச்சமும் பிணைந்த இந்த மரபிலிருந்து 18ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் பெரும்பாலும் இன்பத்தை மட்டுமே எடுத்துக்கொண்டனர். கொலையும் வெறியும் விலக்கப்பட்டு, மதுவும் ஆடலும் காதலும் எஞ்சின. அந்தத் தேர்வே புதுச்செவ்வியல் களியாட்டத்தின் முதல் கட்டுப்பாடு.

மண்ணுக்கடியிலிருந்து கிளம்பிய தூண்டுதல்

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட ஹெர்குலேனியத்தில் 1738இலும், பாம்பேயில் 1748இலும் முறையான அகழாய்வு தொடங்கியது. அதுவரை கோயில்கள், மன்னர்களின் சிலைகள் ஆகியவற்றின் வழியாகவே பண்டைய உலகத்தை அறிந்திருந்த ஐரோப்பியர், சாதாரண வீட்டுச் சுவர்களிலும் தோட்டங்களிலும் சாட்டிர்களும் பாக்கான்டுகளும் நிறைந்திருந்ததைக் கண்டனர். 1749இல் பாம்பேயில் கிடைத்த ஓவியங்களில் கரும்பின்னணியில் மிதப்பவர்போல் ஆடும் பெண்கள் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றார்கள். இந்தக் கண்டெடுப்புகளின் செம்புத்தகட்டு அச்சுப் படங்களை நேப்பிள்ஸ் அரசு 1757 முதல் பெரிய தொகுதிகளாக வெளியிட்டதால், இத்தாலிக்குப் போக இயலாத சிற்பிகளின் மேசைக்கும் அந்த ஆடல்மகளிர் வந்து சேர்ந்தனர்.

கிடைத்தவை எல்லாவற்றையும் வெளியே காட்ட ஆட்சியாளர்கள் துணியவில்லை. 1752இல் ஹெர்குலேனியத்தில் கிடைத்த, பான் என்னும் வனதேவன் ஓர் ஆட்டைப் புணரும் பளிங்குச் சிற்பம் அரசரின் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே காணும்படி பூட்டி வைக்கப்பட்டது. 1819இல் இத்தகைய பொருள்கள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தின் தனி அறையொன்றில் ஒதுக்கப்பட்டன. 'இரகசிய அறை' என்று பெயர்பெற்ற அது 2000ஆம் ஆண்டில்தான் பொதுமக்களுக்கு முறையாகத் திறந்துவிடப்பட்டது. எதைப் போற்றலாம், எதை மறைக்க வேண்டும் என்ற எல்லைக்கோடு புதுச்செவ்வியல் காலம் முழுவதும் சிற்பிகளின் கண்முன் நின்றது என்பதற்கு அந்தப் பூட்டிய அறை சான்று.

அழகியல் கொள்கையின் தரப்பில் அந்தக் கோட்டை வரைந்தவர் ஜெர்மானிய அறிஞர் யோஹான் யோவாக்கிம் வின்கெல்மன் (1717-1768). கிரேக்கப் படைப்புகளைப் பின்பற்றுவது பற்றி 1755இல் வெளியிட்ட நூலிலும், பண்டைக்காலக் கலையின் வரலாறாக 1764இல் வெளியிட்ட நூலிலும், எளிமையும் ஆரவாரமற்ற பெருமையுமே கிரேக்கக் கலையின் உயிர் என்று அவர் வாதிட்டார். மேற்பரப்பு கொந்தளித்தாலும் ஆழத்தில் அமைதியாக இருக்கும் கடலைப்போல, பெரும் உணர்ச்சியின் நடுவிலும் நிலைகுலையாத மனத்தைச் சிற்பம் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் புலனின்பத்துக்குப் பகைவர் அல்லர். இளமையின் இலட்சிய வடிவங்களைப் பேசும்போது அப்போலோவுக்கு அடுத்ததாகப் பாக்கஸையே அவர் வைத்தார். ஆண்மையும் பெண்மையும் கலந்த மென்மையான உடலழகை அந்தத் தெய்வத்திடம் கண்டார். கொந்தளிப்பும் அமைதியும் ஒரே உடலில் இருக்க வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையைத்தான் அடுத்த தலைமுறைச் சிற்பிகள் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் நிறைவேற்ற முயன்றனர்.

களிமண்ணில் ஒரு கொண்டாட்டம்: குளோடியோன்

களியாட்டத்தைத் தம் வாழ்நாள் பொருளாகவே கொண்டவர் குளோடியோன் என்று அறியப்பட்ட பிரெஞ்சுச் சிற்பி குளோட் மிஷேல் (1738-1814). நான்சி நகரில் பிறந்த அவர், இளம் சிற்பிகளை இத்தாலிக்கு அனுப்புவதற்கான 'உரோம் பரிசை' 1759இல் வென்று, 1762 முதல் 1771 வரை உரோமில் தங்கியிருந்தார். மற்றவர்கள் பளிங்கை நாடியபோது அவர் சுடுமண்ணைத் தேர்ந்தார். அதுவரை சுடுமண் உருவம் என்பது பெரிய சிற்பத்துக்கு முன்னோட்டமாகச் சிற்பி தம் பயன்பாட்டுக்குச் செய்துகொள்ளும் மாதிரியாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. குளோடியோனோ அதை முழுமை பெற்ற கலைப்பொருளாக உயர்த்தினார்; அவருடைய சிறு உருவங்களைச் செல்வர்கள் போட்டியிட்டு வாங்கினர், உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரினும் அவர் திறமையை மதித்தார்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள 'மதுவின் மயக்கம்' அவருடைய கலைக்குத் தக்க எடுத்துக்காட்டு. 1780களில் உருவானதாகக் கருதப்படும் அது ஏறக்குறைய 59 செ.மீ. உயரமே கொண்டது. பாறையில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் சாட்டிரை ஒரு நிம்ஃப் தழுவியபடி மதுக்கிண்ணத்தை உயர்த்துகிறாள். சாட்டிரின் முரட்டு உரோமமும் நிம்ஃபின் வழவழப்பான முதுகும் அருகருகே அமைந்திருப்பதால், இரண்டு உடல்களின் வேறுபாடு பார்ப்பவரின் விரல் நுனியிலேயே உணரப்படுவதுபோல் இருக்கிறது. ஈரக் களிமண் சிற்பியின் விரலுக்கும் கருவிக்கும் உடனே இணங்குவது; சுட்ட பின் அது பெறும் செம்பழுப்பு நிறமும் பளிங்கின் வெண்மையைவிட மனிதத் தோலுக்கு நெருக்கமானது. இந்த இரண்டு இயல்புகளும் அவருக்குப் பெருந்துணையாயின. ஆயினும் அந்தக் குழப்பமான தழுவலைச் சுற்றி வந்து பார்த்தால், எந்தத் திசையிலும் கால்களும் கைகளும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்பது தெரியும். குடிவெறியில் நிலைதவறியவர் பாத்திரங்களே. சிற்பியின் கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் சுவை மாறி, வீரமும் நாட்டுப்பற்றும் கலையின் பொருள்களானபோது, இதே குளோடியோன் நெப்போலியனின் வெற்றிகளைப் போற்றும் வாந்தோம் தூணுக்கான புடைப்புச் சிற்பங்களிலும் பணியாற்றினார்.

உறங்கும் ஃபான்: சேர்கல்

உரோமில் ஐரோப்பியச் சிற்பிகள் அனைவரும் வியந்து பார்த்த பழங்காலச் சிற்பங்களுள் ஒன்று 'பார்பெரினி ஃபான்'. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உரோமில் கண்டெடுக்கப்பட்டு, பார்பெரினி குடும்பத்தின் உடைமையாகி, இன்று மியூனிக்கின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கிரேக்கச் சிற்பம், குடித்து அயர்ந்து கால்களை அகற்றிப் படுத்திருக்கும் ஓர் இளம் சாட்டிரைக் காட்டுகிறது. பண்டையோர் அமைதியை மட்டுமே விரும்பினர் என்று சொல்வதற்கு அந்த ஒரு சிற்பமே தடையாக நின்றது.

1767 முதல் 1778 வரை உரோமில் வாழ்ந்த ஸ்வீடன் நாட்டுச் சிற்பி யோஹான் டோபியாஸ் சேர்கல் (1740-1814) அதற்குத் தம் விடையாக ஒரு ஃபானை வடித்தார். ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, 1774ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தப் பளிங்கு உருவம் ஆளுயரத்தைவிடச் சிறியது. உடல் பின்னோக்கி நீண்டு சாய, தசைகள் இறுக்கமும் தளர்ச்சியும் மாறிமாறிக் காட்டுகின்றன. பழைய சிற்பத்தின் பாரமான உறக்கம் இங்கே இல்லை. விழிப்புக்கும் மயக்கத்துக்கும் இடைப்பட்ட ஓர் இனிய சோம்பல் உடலெங்கும் பரவியிருக்கிறது. ஆண் உடலின் புலனின்பத்தைப் பெண் உடலுக்கு இணையாகப் போற்றிய காலம் அது என்பதையும் இச்சிற்பம் நினைவூட்டுகிறது.

பளிங்கைத் தோலாக்கிய கனோவா

புதுச்செவ்வியல் சிற்பத்தின் உச்சம் என்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பெயர் அன்டோனியோ கனோவா (1757-1822). வடஇத்தாலியின் பொசாஞோ என்ற சிற்றூரில் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்த அவர், புலனின்பத்தைக் கொள்கையோடு சமரசம் செய்துவைத்த விதத்தை ஒரே சிற்பத்தில் காணலாம். பாரிஸின் லூவ்ரில் உள்ள 'காதல் தேவனின் முத்தத்தால் உயிர்பெறும் சைக்கி' 1787இல் ஜான் கேம்பெல் என்பவருக்காகத் தொடங்கப்பெற்று 1793இல் நிறைவுற்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆப்பூலியஸ் எழுதிய கதையின்படி, சைக்கி என்ற மானிடப் பெண் திறக்கக்கூடாத கலத்தைத் திறந்து மரணம் போன்ற உறக்கத்தில் வீழ்கிறாள். அவள் காதலனான கியூபிட் என்னும் காதல் தேவன் அவளை எழுப்புகிறான். கியூபிட் குனிய, சைக்கி இரு கைகளையும் உயர்த்தி அவன் தலையைச் சுற்றி ஒரு வளையம் அமைக்கிறாள். இருவரின் இதழ்களும் நெருங்கி, ஆனால் தொடாமல் நிற்கின்றன.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதே கவனத்துக்குரியது. ஹெர்குலேனியத்தில் கிடைத்த, ஒரு ஃபான் ஒரு பாக்கான்டைத் தழுவும் ஓவியத்திலிருந்தே கனோவா இதற்கான கருவைப் பெற்றார். மதுவெறியில் நிகழும் ஒரு பற்றுதலை அவர் எடுத்து, வேட்கையை அன்பாகவும் பிடியை ஆதரவாகவும் மாற்றி, சைக்கி என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் உள்ள 'ஆன்மா' என்ற பொருளையும் அதனுடன் இணைத்துவிட்டார். களியாட்டம் மறைந்துபோகவில்லை; முத்தத்துக்கு முந்தைய அந்த மிகச் சிறிய இடைவெளியில் அது முழுவதுமாக ஒடுங்கியிருக்கிறது. தொட்டுவிட்ட இதழ்களைக் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தொடாத இதழ்கள் பார்ப்பவரை 200 ஆண்டுகளாகக் காத்திருக்க வைக்கின்றன.

அவருடைய ஆடல்மகளிர் சிற்பங்களும் பாம்பேயின் ஓவியப் பெண்களின் வழித்தோன்றல்கள். நெப்போலியனின் முதல் மனைவி ஜோசஃபீனுக்காகச் செய்த, இடுப்பில் கைவைத்து நிற்கும் ஆடல்மகள் 1812இல் நிறைவுற்று, இன்று புனித பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜில் இருக்கிறாள்; பாக்கஸின் பரிவாரத்துக்கே உரிய கைத்தாளங்களைத் தலைக்குமேல் உயர்த்திய மற்றொருத்தி பெர்லினின் போடே அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். உடலோடு ஒட்டிய மெல்லிய ஆடை, நிர்வாணத்தைவிட அதிகமாக உடலைப் பேசவைக்கிறது.

கனோவாவின் வேலைமுறை இந்த விளைவுக்கு அடிப்படையாக அமைந்தது. முதலில் சிறு களிமண் மாதிரி, பிறகு முழு அளவிலான களிமண் உருவம், அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு என்ற படிகளைக் கடந்த பின், வார்ப்பில் சிறு உலோக ஆணிகள் அறையப்படும். அந்த ஆணிகளுக்கு இடையிலான தொலைவுகளை அளந்து உதவியாளர்கள் பளிங்கைச் செதுக்குவர். கடைசி மெல்லிய படலத்தை மட்டும் கனோவா தம் கையால் முடிப்பார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மேற்பரப்பின் ஏற்ற இறக்கங்களைச் சோதித்து, அரம் கொண்டு தேய்த்து மெருகேற்றுவார். சில சிற்பங்களின் பளிங்குக்கு மெழுகோ மென்சாயமோ பூசி உடலின் வெதுவெதுப்பை வருவித்ததும் உண்டு. தூய வெண்மையை விரும்பிய விமர்சகர்கள் அதைக் குறைகூறினர்.

நெப்போலியனின் தங்கை பவுலினாவை வெற்றி வீனஸாக, கையில் ஆப்பிளுடன் மெத்தையில் சாய்ந்தவளாக அவர் 1805-1808 காலத்தில் வடித்த சிற்பம், புராணம் சமூகத்தில் ஆற்றிய பணியை விளக்குகிறது. உயர்குடிப் பெண்ணொருத்தி அரைநிர்வாணமாகத் தோன்றுவது அக்காலத்தில் பெரும் அவதூறாகியிருக்கும். அழகுத் தேவதையின் பெயர் அந்த உடலுக்கு ஒரு கண்ணியமான போர்வையாயிற்று. உரோமின் போர்கேசே அரங்கில் உள்ள அச்சிற்பத்தின் அடிப்பீடத்தில் சுழலும் பொறி அமைந்திருந்ததால், பார்ப்பவர் நின்ற இடத்தில் நிற்க, மெழுகுவர்த்தி ஒளியில் வீனஸே மெல்லத் திரும்பினாள்.

சிறுத்தைமேல் அரியாட்னி

பாக்கஸின் கதையில் காதலுக்கு உரிய இடம் அரியாட்னிக்குச் சொந்தம். மாவீரன் தீசியஸ் நாக்சோஸ் தீவில் கைவிட்டுச் சென்ற அவளைப் பாக்கஸ் மணந்துகொண்டார். ஸ்டுட்கார்ட் நகரச் சிற்பி யோஹான் ஹைன்ரிக் ஃபான் டானெக்கர் (1758-1841), சிறுத்தையின்மேல் ஒய்யாரமாகச் சாய்ந்திருக்கும் அரியாட்னியை 1803இல் கருக்கொண்டு 1814இல் பளிங்கில் முடித்தார். ஃபிராங்க்ஃபர்ட் வங்கியாளர் பெத்மன் அதை வாங்கிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்; செந்நிறத் திரையின் வழியே ஒளியைப் பாய்ச்சிப் பளிங்குக்குத் தோலின் நிறத்தை ஊட்டும் ஏற்பாடும் அங்கே இருந்தது. கொடிய விலங்கின் முதுகில் அச்சமின்றி அமர்ந்த பெண், வேட்கையை அடக்கி ஆளும் அழகின் உருவகமாகப் போற்றப்பட்டாள். இரண்டாம் உலகப் போரில் சேதமுற்றுச் சீரமைக்கப்பட்ட அச்சிற்பம் இன்று ஃபிராங்க்ஃபர்ட்டின் லீபிக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

போர்வை நழுவியபோது

புராணப் போர்வை எவ்வளவு மெல்லியது என்பதை 1834ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சி காட்டியது. ஜெனீவாவில் பிறந்த பிரெஞ்சுச் சிற்பி ஜேம்ஸ் பிராடியே (1790-1852) அங்கே வைத்த 'சாட்டிரும் பாக்கான்டும்' என்ற பளிங்குச் சிற்பத்தில் வால், கோல், திராட்சை எனப் புராணத்தின் அடையாளங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அந்த இரு முகங்களும் சிற்பியின் முகத்தையும், ஒருகாலத்தில் அவருடைய காதலியாக இருந்த நடிகை ஜூலியட் துருவேயின் முகத்தையும் ஒத்திருக்கின்றன என்ற பேச்சு பரவியது. காட்டுத் தேவதைகள் செய்தால் கலையாகத் தோன்றியது, பாரிஸ் நகரத்து மனிதர்கள் செய்தபோது அவமானமாகத் தோன்றியது. அரசு அதை வாங்க மறுத்தது. செல்வரான அனத்தோல் டெமிடோஃப் வாங்கிக்கொண்டார். 1980இல்தான் அது லூவ்ரின் உடைமையாயிற்று. 1869இல் ஜான் பாப்டிஸ்ட் கார்ப்போ பாரிஸ் ஓப்பெரா கட்டடத்துக்காகச் செய்த 'நடனம்' என்ற சிற்பத்தொகுதியில், சிரித்துக் குதிக்கும் பெண்களிடம் செவ்வியல் அமைதி முற்றிலும் அகன்றிருந்தது. அதன்மீது இரவோடு இரவாக மைப்புட்டி வீசப்பட்டது. புதுச்செவ்வியல் வகுத்த உடன்பாடு அத்துடன் முடிவுக்கு வந்தது எனலாம்.

இக்கலையை இன்று மதிப்பிடும்போது ஒரு குறையையும் மறைக்கலாகாது. வடித்தவர்களும் வாங்கியவர்களும் பெரும்பாலும் ஆண்களாக இருந்ததால், பெண் உடல் பார்க்கப்படும் பொருளாகவே பல சிற்பங்களில் அமைந்தது. அதற்கு மாதிரியாக நின்ற பெண்கள் பலரின் பெயரைக்கூட வரலாறு காக்கவில்லை. ஆயினும் தாமே கிண்ணத்தை உயர்த்தும் குளோடியோனின் நிம்ஃபும், தாமே கைகளை நீட்டிக் காதலனை வளைக்கும் கனோவாவின் சைக்கியும், இன்பத்தில் சம பங்கு கொண்ட பெண்களாகக் காட்சியளிப்பது அந்தக் குறைக்கு நடுவே துலங்கும் நிறை.

இச்சிற்பங்களின் முன் நிற்க வாய்ப்பவர்கள், முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், ஒருமுறை முழுதும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். மயங்கிய உடல்களைத் தாங்கி நிற்கும் கணக்கு அப்போதுதான் புலப்படும். அந்தக் கணக்கை மறைவின்றிக் காட்டும் இடம் ஒன்றும் உண்டு. கனோவாவின் பிளாஸ்டர் வார்ப்புகளைக் காப்பதற்காக 1830களில் பொசாஞோவில் எழுப்பப்பட்ட மாளிகையில், முதல் உலகப் போரின் குண்டுவீச்சுக்குத் தப்பியும் சீரமைக்கப்பட்டும் அந்த வெண்ணிற உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆடல்மகளிரின் தோளிலும் தொடையிலும் கன்னத்திலும், அளவெடுக்க அறைந்த ஆணிகளின் தலைகள் கரும்புள்ளிகளாக இன்றும் தெரிகின்றன.